சிறுநீர் அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டியது எது?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 47. ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். வேறு தொந்தரவு எதுவும் இல்லை. முழு உடல் பரிசோதனைக்காகக் கொடுத்த சிறுநீரின் அறிக்கையில் சீழ் செல்கள் 8–10, எபிதீலியல் செல்கள் 12–15, புரதம் 'ட்ரேஸ்', கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சில, ஒப்படர்த்தி 1.015 என்றும், சர்க்கரையும் நைட்ரைட்டும் இல்லை என்றும் இருக்கிறது. சீழ் என்று பார்த்ததும் பயந்துவிட்டேன். ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எடுத்தால் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், எடுக்கலாமா? காலை ஆறு மணிக்கு வீட்டில் பிடித்த சிறுநீரைப் பதினொரு மணிக்குத்தான் ஆய்வகத்தில் கொடுத்தேன்; அதனால் முடிவு மாறுமா? சர்க்கரை இல்லை என்று வந்திருப்பதால் எனக்கு நீரிழிவு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? என் கணவருக்கு வயது 58. பல ஆண்டுகள் புகைபிடித்துவிட்டு இப்போது நிறுத்திவிட்டார். போன மாதம் இரண்டு முறை அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போய், வலி ஏதுமின்றித் தானாகவே சரியாகிவிட்டது. இப்போது எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் அவருக்கு எல்லாமே நார்மல். பரிசோதனை நார்மல் என்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் முடிவில் கணவரைப் பற்றி எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் காத்திருக்கக் கூடாதது அதுதான். ஐம்பது வயதைத் தாண்டிய, பல ஆண்டுகள் புகைபிடித்த ஒருவருக்கு வலியில்லாமல் சிறுநீர் சிவந்து போனால், அது ஒரே ஒரு முறைதான் நடந்தது என்றாலும், பிறகு தானாக நின்றுவிட்டது என்றாலும், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கட்டியிலிருந்து இரத்தம் தொடர்ந்து கசிவதில்லை. ஒரு நாள் கசிந்துவிட்டு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட நின்றுவிடும். அந்த இடைவெளியில் எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே இன்றைய நார்மல் அறிக்கையை வைத்துக்கொண்டு போன மாதம் நடந்ததை மறந்துவிட முடியாது. புகைப்பழக்கம் இந்த நோய்க்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. நிறுத்திய பிறகு ஆபத்து குறைந்துகொண்டே வரும் என்றாலும் உடனடியாக இல்லாமல் போய்விடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் கலங்கிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்படி வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கல், புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம், தொற்று என்று வேறு காரணங்கள்தான் அதிகம் கிடைக்கின்றன. பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை எடுத்தாலும் சிறுநீரின் நிறம் செம்மையாக மாறும். அவற்றில் எதுவும் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், இந்த வாரமே ஒரு சிறுநீரியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் வயிற்று ஸ்கேனும், இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள்), சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியும் செய்யச் சொல்வார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றாலும், 'மாத்திரையால்தான் வந்திருக்கும்' என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அவர்களுக்கும் இதே பரிசோதனைகள் தேவை.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். உங்களைப் பயமுறுத்தியது சீழ் செல் என்ற பெயர். அது வெறும் வெள்ளை அணுதான். சீழ் பிடித்திருக்கிறது என்று பொருளல்ல. சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து, பார்வைக்குத் தெரியும் ஒரு வட்டத்துக்குள் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்று எண்ணி எழுதுகிறார்கள். ஐந்து வரை இருப்பதை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறோம். உங்களுக்கு எட்டு முதல் பத்து. ஆனால் அதை மட்டும் தனியாகப் படிக்கக் கூடாது. பக்கத்திலேயே எபிதீலியல் செல்கள் 12–15 என்று இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பிறப்புறுப்பின் வெளிப்புறத் தோலிலிருந்தும் சளிப்படலத்திலிருந்தும் உதிர்ந்து சேர்பவை. அவை இவ்வளவு அதிகமாக இருந்தால், பாத்திரத்தில் விழுந்தது சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீர் மட்டுமல்ல, வெளியிலிருந்து கழுவிக்கொண்டு வந்ததும் கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கலப்போடு வெள்ளை அணுக்களும் வந்திருக்கக்கூடும். எனவே உங்களுடைய சீழ் செல் எண்ணிக்கையை நான் நம்பவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன். மாதிரியைச் சரியாகப் பிடித்து மறுபடியும் பார்க்கச் சொல்வேன்.

நீங்கள் சொன்ன ஐந்து மணி நேர இடைவெளி இந்தச் சந்தேகத்தை இன்னும் கூட்டுகிறது. சிறுநீரை அறை வெப்பத்தில் வைத்திருந்தால், அதில் கலந்த பாக்டீரியாக்கள் அரை மணிக்கு ஒரு முறை, சில வேளை அதற்கும் விரைவாக, இரட்டிப்பாகப் பெருகும். அவை சர்க்கரையைத் தின்றுவிடும்; யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குவதால் அமிலத்தன்மை குறையும்; அணுக்கள் கரைந்து உடையும். ஆகவே இல்லாதது இருப்பதாகவும், இருப்பது இல்லாததாகவும் அறிக்கை வரலாம். சிறுநீரைப் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பார்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பரிசோதனைக்கு வருபவர்களிடம் இதை ஆய்வகங்கள் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து 'நிரப்பிக்கொண்டு வாருங்கள்' என்று அனுப்பிவிடுவதால், மக்கள் தேவையில்லாமல் எத்தனையோ மாத்திரைகளைச் சாப்பிட நேர்கிறது.

ஆகவே ஆன்டிபயாட்டிக் வேண்டாம். அதை நான் உறுதியாகவே சொல்கிறேன், ஏனெனில் மாதிரி தூய்மையாக இருந்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் பாக்டீரியா வளர்ந்திருந்தாலும்கூட, எரிச்சலோ, அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வோ, அடிவயிற்று வலியோ, காய்ச்சலோ இல்லாத உங்கள் வயதுப் பெண்ணுக்கு மருந்து தேவைப்படுவதில்லை. அறிகுறி இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது பலருக்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் இரத்தக் கசிவு ஏற்படக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் மட்டும் அதைத் தேடிப் பிடித்து மருந்து கொடுக்கிறோம். மற்றவர்களுக்குக் கொடுப்பதால் நன்மை இல்லை. வயிற்றுப்போக்கும், பிற்பாடு உண்மையான தொற்று வரும்போது அந்த மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சம். நைட்ரைட் இல்லை என்று வந்ததும் ஓரளவு ஆறுதல்தான், முழு ஆறுதல் அல்ல. சிறுநீரில் உள்ள நைட்ரேட்டைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுவதை வைத்துத்தான் அந்தச் சோதனை வேலை செய்கிறது. அதற்குச் சிறுநீர் பல மணி நேரம் பையில் தங்கியிருக்க வேண்டும். என்டெரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் அந்த மாற்றத்தைச் செய்வதே இல்லை.

கால்சியம் ஆக்சலேட் படிகங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆரோக்கியமானவர்களின் சிறுநீரிலும் அவை காணப்படும். ஆறவிட்ட சிறுநீரில் இன்னும் அதிகமாகத் தெரியும். உங்களுக்கு முன்பு கல் வந்ததில்லை என்றால், போதிய தண்ணீர் குடிப்பதைத் தவிர நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

நீங்கள் ஒரு சொல்லில் கடந்துபோன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்: புரதம் 'ட்ரேஸ்', அதாவது மிகச் சிறிதளவு. ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உள்ளவரின் அறிக்கையில் என் கண் முதலில் போகும் இடம் அது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் தேவையான அனைத்தையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவே வெளியேற்றுகின்றன. வடிக்கும் வேலையைச் செய்பவை குளோமெருலஸ் எனப்படும் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சுகள். அவை மிக நெருக்கமான சல்லடைபோல உப்பையும் யூரியாவையும் விட்டுவிட்டு, அல்புமின் போன்ற புரதங்களை இரத்தத்திலேயே நிறுத்திக்கொள்கின்றன. ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்கும் குறைவான புரதமே போகும். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் அந்த முடிச்சுகளை மெல்ல மெல்லப் பழுதாக்கும்போது, முதலில் கசிவது அல்புமின். அந்தக் கட்டத்தில் உடலில் எந்த அறிகுறியும் இருக்காது. முதுகு வலிக்காது, முகம் வீங்காது, சிறுநீர் போவதிலும் மாற்றம் இருக்காது. இரத்தத்தில் கிரியாட்டினின்கூட இயல்பாகவே இருக்கலாம்; சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறையப் பாதி குறைந்த பிறகே அது உயரத் தொடங்குவது பலரிடம் காணப்படுகிறது. ஆகவே நோயை ஆரம்பத்திலேயே பிடிக்க நமக்குக் கிடைக்கும் ஒரே துப்பு, பல நேரங்களில், சிறுநீரில் கசியும் இந்தச் சிறிதளவு புரதம்தான். லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், வீக்கத்தோடு வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டி, அது திரிந்து வெளுப்பதைப் பார்த்தே சிறுநீரக நோயை அடையாளம் கண்டு 1827-இல் எழுதினார். அன்று அவர் கண்டது முற்றிய நோயை. இன்று அதைவிடப் பல ஆண்டுகள் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வசதி நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

அதற்காக, ட்ரேஸ் என்று வந்ததுமே சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஆய்வகத்தில் நனைக்கும் பட்டை, புரதத்தின் செறிவை மட்டுமே நிறமாற்றமாகக் காட்டும். தண்ணீர் குறைவாகக் குடித்து, ஒப்படர்த்தி (சிறுநீர் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் காட்டும் எண்) 1.030-ஐ நெருங்கும் கெட்டியான சிறுநீரில் ட்ரேஸ் என்பதற்குப் பெரிய பொருள் இல்லை. நீர்த்த சிறுநீரில் அதே ட்ரேஸ் கூடுதல் கசிவைக் குறிக்கலாம். உங்களுடைய 1.015 இரண்டுக்கும் இடைப்பட்டது, ஆகவே அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. காய்ச்சல், முந்தைய நாள் செய்த கடுமையான உடற்பயிற்சி, மாதவிடாய், வெள்ளைப்படுதல் ஆகியவற்றாலும் தற்காலிகமாகப் புரதம் தெரியும். எனவே பட்டையை நம்பி நிற்காமல், காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கியிருக்கிறது. 300-ஐத் தாண்டினால் கசிவு மிகுதி. கிரியாட்டினினோடு ஒப்பிடுவதால், நீங்கள் அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பது முடிவை அதிகம் பாதிக்காது. இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரையும் கேனில் சேர்த்துக்கொண்டு அலைய வேண்டிய அவசியமும் இதனால் பெரும்பாலும் குறைந்துவிட்டது.

கூடவே இரத்தத்தில் கிரியாட்டினின் எடுத்து, அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற வடிதிறன் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். 'சிறுநீர் நார்மல் என்றால் சிறுநீரகம் நார்மல்தானே' என்ற உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இல்லை, அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. சிறுநீரில் புரதமோ இரத்தமோ இல்லாமலேயே வடிதிறன் குறைந்துபோனவர்கள் இருக்கிறார்கள். அதேபோல வடிதிறன் நன்றாக இருந்தும் புரதம் கசிகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு நிலை தெரியும்.

சர்க்கரை இல்லை என்பதால் நிம்மதியாக இருக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் 'இல்லை' என்பதே என் விடை. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் சிறுநீரகத்தால் முழுவதையும் திரும்ப உறிஞ்ச முடியாமல் அது சிறுநீரில் வழியத் தொடங்குகிறது. வெறும் வயிற்றில் 126 இருந்தாலே நீரிழிவு என்று நாம் சொல்கிறோம். இடையில் உள்ள அந்தத் தூரம் முழுவதும் சிறுநீரில் சர்க்கரை இல்லாமலே நோய் இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: கர்ப்ப காலத்திலும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் சிறுநீரில் சர்க்கரை தெரிவதால் மட்டும் அவர்களின் இரத்தச் சர்க்கரை எகிறிவிட்டது என்று ஆகாது. உங்களுக்குத் தேவையானது வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும். இரத்த அழுத்தம் உள்ளவர் என்பதால் அவற்றை ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

அறிக்கையில் உள்ள மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீட்டோன், பட்டினி கிடந்தாலும் வரும். ஆனால் நீரிழிவு உள்ளவருக்கு வாந்தியோடும் மூச்சு வாங்குதலோடும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். பிலிரூபின் வருவது கல்லீரலிலோ பித்தநாளத்திலோ கோளாறு இருப்பதைக் காட்டும். கண் மஞ்சளாவதற்குச் சில நாட்கள் முன்பே சிறுநீர் கறுத்துத் தெரிவது இதனால்தான்.

இரத்தம் இருக்கிறதா என்று காட்டும் வரிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இடம் தேவை. பட்டை உணர்வது சிவப்பணுவை அல்ல, அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை. தசைகள் நசுங்கிச் சிதையும்போது வெளியாகும் மயோகுளோபினிலும் அதே பகுதி இருப்பதால், பட்டை இரத்தம் என்று சொல்லும். நுண்ணோக்கியில் ஓர் அணுவும் தெரியாது. ஆகவே பட்டையின் முடிவை நுண்ணோக்கியால் உறுதி செய்ய வேண்டும். தேர்ந்த கண் அதில் இன்னொன்றையும் பார்க்கும். சிறுநீர்ப்பையிலிருந்தோ கல்லிலிருந்தோ வந்த சிவப்பணுக்கள் வட்டமாக, ஒரே மாதிரி இருக்கும். குளோமெருலஸின் வழியே நெருக்கிக்கொண்டு வந்தவை கோணல்மாணலாக, முகடு முகடாக இருக்கும். அத்தோடு 'காஸ்ட்' என்று எழுதப்படும் உருளைகளும் தெரிந்தால், அவை சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் உறைந்து அந்தக் குழாயின் வடிவத்திலேயே வெளியேறியவை. அவற்றுக்குள் சிவப்பணுக்கள் சிக்கியிருந்தால் இரத்தம் சிறுநீரகத்துக்குள்ளிருந்தே வருகிறது என்று சொல்லிவிடலாம். இயந்திரம் அச்சடித்துத் தரும் அறிக்கையைவிட, வண்டலைப் புதிதாக இருக்கும்போதே பொறுமையாகப் பார்க்கும் ஒரு மருத்துவரின் அல்லது ஆய்வக நிபுணரின் அரை மணி நேரத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பது இதனால்தான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி மாதிரி கொடுங்கள். மாதவிடாய் முடிந்து இரண்டு மூன்று நாட்கள் ஆன பிறகு ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். வைட்டமின் சி மாத்திரை எடுப்பவர் என்றால் ஓரிரு நாட்கள் நிறுத்திவையுங்கள், அது பட்டையில் இரத்தமும் சர்க்கரையும் தெரியாமல் மறைத்துவிடும். இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. ஆய்வகம் கொடுக்கும் மூடியிட்ட டப்பாவையே பயன்படுத்துங்கள். வீட்டில் கழுவிவைத்த பாட்டில் வேண்டாம். கைகளைக் கழுவி, வெளிப்பகுதியை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்துகொண்டு, இதழ்களை விலக்கிப் பிடித்தபடி முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படாமல் பிடியுங்கள். நிரம்பி வழிய வேண்டியதில்லை, பாதி டப்பா போதும். காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரை இப்படிப் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வீடு தொலைவு என்றால், அல்புமின் விகிதத்துக்கு வேண்டியதை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று, சீழ் செல்லுக்கானதை ஆய்வகத்திலேயே புதிதாகப் பிடித்துக் கொடுக்கலாம்.

அந்த விகிதம் 30-க்குக் கீழே வந்தால், ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொண்டால் போதும். மேலே வந்தால் பதறாமல், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் இன்னும் இரண்டு முறை பாருங்கள். மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் நிலையான கசிவு என்று கொள்கிறோம். அப்படியானால் உங்கள் மருத்துவரிடம் நீங்கள் இப்போது எடுக்கும் இரத்த அழுத்த மாத்திரை எந்த வகையைச் சேர்ந்தது என்று கேளுங்கள். எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற வகைகள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு புரதக் கசிவையும் குறைத்து, சிறுநீரகம் பழுதாகும் வேகத்தைத் தணிக்கின்றன. ஆறு ஆண்டுகளாக வேறு வகை எடுத்துவருகிறீர்கள் என்றால் மாற்ற வேண்டியிருக்கலாம். அந்த மாத்திரையைத் தொடங்கிய ஓரிரு வாரங்களில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும் என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். அல்புமின் விகிதம் 300-ஐத் தாண்டினாலோ, இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே வந்தாலோ, சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பது அவசியம். இதற்கிடையில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து விலாப்பக்கம் வலித்தாலோ, காலையில் கண் இமைகளும் மாலையில் கால்களும் வீங்கினாலோ, சிறுநீரின் அளவு திடீரென்று குறைந்தாலோ இரண்டு வாரம் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது இந்தப் பழைய அறிக்கையையும் கையில் எடுத்துச் சென்று, மாதிரி ஐந்து மணி நேரம் வெளியில் இருந்தது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.